தொட்டுக் கற்ற கணிப்பொறி

(கயத்தாறில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



கல்வியும் சமுதாய முன்னேற்றமும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். அது பரந்த பொருள். அதனைப் பற்றிப் பேச நம்மினும் தகுதியுடையோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆதலின் நாம் ஒரு சிறு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நம் மாலை வகுப்புக் கூடத்தில் ஒரு கணிப்பொறியைப் பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டினோம். இங்குள்ளோரில் பலர் அதற்குப் பணம் தந்தீர்கள். சிலர் அன்றிரவு கூடத்தில் நின்றிருந்தீர்கள். ஆயினும் நடந்தது முழுவதும் எல்லாருக்கும் தெரியாது. அதை ஒளிக்காமல் கூறுவதே இந்நாளுக்குப் பொருத்தமென்று கருதுகிறோம்.

கேட்கலாம், தொடலாகாது

1970களின் இறுதியில், நாம் சிறுவராயிருந்தபோது, பிறந்த ஊரில் ஊராட்சி வானொலி ஒன்று இருந்தது. மாலையில் செய்தியும் உழவர் நிகழ்ச்சியும் ஒலிக்கும். நம் தெருப் பிள்ளைகள் கட்டடத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று கேட்போம். கேட்பதற்குத் தடையில்லை. ஆனால் படியேறிச் சென்று அதன் திருகியைத் தொடுவதற்கு நம்மில் எவருக்கும் துணிவில்லை. தொடக்கூடாதென்று எழுதிப் போட்டிருக்கவில்லை. எழுதவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாட்களைப் பற்றி ஒரு செய்தி படிக்கிறோம். கணக்குப் போடுவதற்காக ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் உணவுப் பாத்திரங்களை வைத்திருந்த பிள்ளைகள் பதறியோடி அவற்றை அப்புறப்படுத்தினராம். கணக்குத் தெரியுமா என்பதன்று அங்கே கேள்வி. பலகையருகே செல்லலாமா என்பதே கேள்வி. அந்தச் சிறுவர்தாம் 1913இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று கற்றார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார்.

காலம் மாறியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பழைய அச்சம் எளிதில் விட்டகல்வதில்லை. நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் கணிப்பொறிகள் வந்திறங்கின. அவற்றுக்குத் துணியுறை தைத்துப் போர்த்தி, அறையைப் பூட்டி, ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் திறந்தனர். 'பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும்' என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு அன்று வாளாவிருந்தவர்களில் நாமும் ஒருவர். தொடாமலே அவை கெட்டன. அந்நினைவு நம்மை நெடுநாள் உறுத்திற்று.

ஏன் பாகங்களாக வாங்கினோம்?

மாலை வகுப்புக்கு ஒரு கணிப்பொறி வேண்டுமென்று கழகக் கூட்டத்தில் முடிவாயிற்று. வீட்டுக்கு நூறும் இருநூறுமாகத் திரட்டியதில் 32,000 ரூபாய் சேர்ந்தது. காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் சென்று ஈட்டிய கூலியிலிருந்து பிரித்துக் கொடுத்த பணம் அது. முழுப் பெட்டியாகவே வாங்கிவிடலாம் என்றனர் சிலர். அதில் தவறில்லை, வாங்கிய நாளே வேலை செய்யும். ஆனால் பழுதானால் அதைத் திறக்க ஆள் தேடிக் கோவில்பட்டிக்கோ நெல்லைக்கோ போகவேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று நம் பிள்ளைகள் அறியவே மாட்டார்கள். ஆகவே பாகங்களை வாங்கிப் பிள்ளைகளைக் கொண்டே பூட்டலாமென்று நாம் சொன்னோம், கூட்டமும் இசைந்தது. நாம் கற்றதோ இளங்கலையில் வரலாறு. திருப்புளியை மின்விசிறிக்கு அப்பால் கையாண்டதில்லை. அந்தக் கூடத்தில் எல்லாரும் தொடக்கநிலை மாணவர்களே.

பல நாடுகளில் பல நிறுவனங்கள் செய்த பாகங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்துகின்றன என்று கேட்கலாம். மிதிவண்டியை எண்ணிப் பாருங்கள். சக்கரம் ஓரிடத்தில், சங்கிலி ஓரிடத்தில் வாங்கினாலும் பொருந்துகிறதன்றோ? அளவுகள் பொதுவாக இருப்பதே காரணம். கணிப்பொறியிலும் அப்படியே. 1975இல் அமெரிக்காவில் 'ஆல்டேர்' என்னும் கணிப்பொறி, வாங்குவோரே பூட்டிக்கொள்ளும் பாகங்களாக விற்கப்பட்டது. 1976இல் வந்த முதல் 'ஆப்பிள்' கணிப்பொறியும் ஒரு மின்சுற்றுப் பலகைதான். பெட்டியையும் விசைப்பலகையையும் வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம், கடைகளில் கிடைத்த பாகங்களைப் பெரும்பாலும் கொண்டே தன் தனியாள் கணிப்பொறியை அமைத்து, அதன் நுட்ப விவரங்களையும் நூலாக வெளியிட்டது. பிறகு பலரும் அதற்குப் பொருந்தும் பாகங்களைச் செய்யலாயினர். 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையே பெட்டியின் திருகுத் துளைகள் எங்கே இருக்கவேண்டும் என்பதுவரை இன்றும் வழிகாட்டுகிறது. விவரத்தைப் பூட்டிவைக்காமல் வெளியிட்டதால்தான் கயத்தாற்றுப் பிள்ளையும் ஒரு கணிப்பொறியைப் பூட்ட முடிகிறது. இதை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

பாகங்கள் எவை?

நம் இளைஞர் இருவர் பட்டியலுடன் கோவில்பட்டியில் இரயிலேறி, எழும்பூரில் இறங்கி, சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சித் தெருவுக்குச் சென்றனர். முன்னாளில் வானொலிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றிருந்த தெரு அது. இன்று கணிப்பொறிப் பாகங்களுக்கும் அதுவே சந்தை. மொத்தம் 31,400 ரூபாய்க்குப் பொருள்களை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தனர்.

பிள்ளைகளுக்கு அன்று சொன்னதை இங்கும் சுருக்கமாகச் சொல்கிறோம். மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை ஊரின் தெருக்களைப் போன்றது. எல்லாப் பாகங்களும் அதன் வழியாகவே ஒன்றோடொன்று பேசுகின்றன. செயலி கணக்கிடும் உறுப்பு. ராம் என்பது வேலை நடக்கும்போது மட்டும் செய்தியை வைத்திருக்கும் நினைவகம். மின்சாரம் போனால் அதிலுள்ளது அழிந்துபோகும். எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம், மின்சாரம் போனாலும் செய்தியைக் காக்கும். முன்னது கரும்பலகை, பின்னது குறிப்பேடு. எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் அளவுகளுக்கு இறக்கித் தருவது. இவற்றைத் தாங்குவது கேபினெட் என்னும் பெட்டி. வெளியே திரை, விசைப்பலகை, சுட்டி.

வாங்குவதற்கு முன்பே பொருத்தம் பார்க்கவேண்டும். செயலிக்குரிய இருக்கை எல்லாப் பலகையிலும் ஒன்றாக இராது. இன்டெல் செயலிக்கு ஒரு வகை, ஏ.எம்.டி. செயலிக்கு வேறு வகை. ஒரே நிறுவனத்திலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ராமிலும் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று வகையுண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்று செருகப்படாதிருக்கவே அவற்றின் வெட்டுக்காடியை வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் நாமும் பார்த்தோம். பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. அது பின்னர் வரும்.

பூட்டிய நாள்

முதலில் பாதுகாப்பு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதன் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அடுத்தது நிலைமின். நம் ஊரின் கோடைக் காற்று வறண்டது. செயற்கை இழைச் சட்டையுடன் அசைந்தாலே உடம்பில் நிலைமின் சேரும். நமக்கு உணர்வே தெரியாத அளவு மின்பொறி ஒன்று நுண்சில்லைக் கெடுத்துவிடும். ஆகவே பாகத்தைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடவேண்டும். பலகையை விளிம்பில் மட்டுமே பிடிக்கவேண்டும்.

மூன்றாவது நிலத்தொடர்பு. கூடத்தின் சுவரில் மூன்று துளைச் செருகுமிடம் இருந்தது. மின்பணியாளர் சோதித்தபோது மூன்றாம் துளை எதனோடும் இணைக்கப்படவில்லை என்று தெரிந்தது. துளை மட்டும் இருந்தது, கம்பி இல்லை. நம் தெருக்களில் இப்படி எத்தனை வீடுகளோ! குழி வெட்டி, கரியும் உப்பும் இட்டு, நிலக்கம்பி பதித்த பின்னரே வேலையைத் தொடங்கினோம். கணிப்பொறி வாங்காதவர்களும் இந்த ஒன்றைத் தம் வீட்டில் சோதித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பிறகு ஒவ்வொருவர் ஒவ்வொன்றைப் பூட்டினர். செயலியின் மூலையில் ஒரு சிறு முக்கோணக் குறி உண்டு. இருக்கையிலும் அதற்கிணையான குறி உண்டு. இரண்டையும் ஒத்துவைத்து மெல்லக் கைவிட்டால் செயலி தானே அமரும். அதனை அழுத்தவே கூடாது. இருக்கையிலுள்ள மயிரிழை போன்ற ஊசிகள் வளைந்துவிடும். ராமுக்கோ இதற்கு மாறாக அழுத்தம் வேண்டும். கொக்கி விழும் ஓசை கேட்கும்வரை அமுக்கவேண்டும். எங்கே அழுத்துவது, எங்கே அழுத்தாதிருப்பது என்பதே இத்தொழிலில் பாதி. செயலியின் மேல் வெப்பக்கடத்திப் பசையும், அதன்மேல் விசிறியும். விசிறியின் அடியில் பசை முன்பே தடவப்பட்டிருந்தால் மறுபடி தடவவேண்டியதில்லை. பெட்டிக்குள் பித்தளைத் தாங்கிகளைத் திருகி அவற்றின்மேல் பலகையை வைக்கவேண்டும். நேரே தகட்டின்மேல் வைத்தால் குறுக்குமின்னோட்டம் உண்டாகும். பின்னர் 24 ஊசி மின்னிணைப்பும், செயலிக்குரிய தனி மின்னிணைப்பும். இரண்டாவதை மறப்போர் பலர்.

இருண்ட திரை

இரவு எட்டு மணிக்கு விசையை அழுத்தினோம். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, கைதட்டல் எழுந்தது. ஆனால் திரை இருண்டே கிடந்தது. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரைமணி நேரம். கைதட்டியவர்கள் அமைதியாயினர். முன்வரிசையிலிருந்த பாட்டி ஒருவர், "வாத்தியாரய்யா, பொட்டி செத்துப் போச்சா?" என்று கேட்டார். அவர் தந்திருந்தது நூறு ரூபாய்; அவருக்கு அது ஒருவாரச் செலவு. நமக்கு நாவெழவில்லை. பின்னாலிருந்து ஒருவர், நமக்கு எதற்கு இந்த வேலை என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஊராட்சி வானொலியின் நினைவு அப்போதுதான் நமக்கு வந்தது. தொட்டோம், கெடுத்தோம் என்னும் எண்ணம் நம் உள்ளத்திலும் தலைகாட்டிற்று. வெட்கத்துடன்தான் இதனைச் சொல்கிறோம்.

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றி, பலகை வந்த அட்டைப் பெட்டியின்மேல் வைத்து, ஒவ்வொன்றாக இணைத்துச் சோதித்தோம். ராமை இடம் மாற்றினோம். பலகையின் சிறு மின்கலத்தைக் கழற்றி மீண்டும் பொருத்தினோம். திரையை வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் பார்த்தோம். அது நன்றாகவே இருந்தது. இரண்டு நாள் கழிந்தன. மூன்றாம் நாள், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, எவரும் படிக்காமல் ஒதுக்கிய ஆங்கிலக் கையேட்டை அகராதியுடன் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். "ஐயா, உள்ளேயே படக்காட்சி உறுப்பு உள்ள செயலியாக இருந்தால்தான் பலகையின் திரையிணைப்பு வேலை செய்யும் என்று போட்டிருக்கிறது. நம் செயலியில் அது உண்டா?" என்றாள்.

செயலி வந்த பெட்டியை எடுத்துப் பார்த்தோம். எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்னும் ஓரெழுத்து. இன்டெல் செயலிகளில் அவ்வெழுத்து இருந்தால் படக்காட்சி உறுப்பு அதில் இயங்காது. தனியாக ஒரு வரைகலை அட்டை வாங்கிச் செருகவேண்டும். பாகம் எதுவும் கெடவில்லை. பூட்டிய கைகளில் பிழையில்லை. பட்டியலை எழுதியவர் நாமே. 1,500 ரூபாய் குறைகிறதென்று அவ்வெழுத்தின் பொருளறியாது அதனைத் தேர்ந்தவரும் நாமே.

நெல்லையில் பழைய வரைகலை அட்டை ஒன்று 2,400 ரூபாய்க்குக் கிடைத்தது. அத்தொகையை நாமே தருவதாகக் குழுவின்முன் கூறினோம். பொருளாளர் பெரியவர் ஒப்பவில்லை. "பட்டியலை எங்களிடமும் காட்டினீர்கள். நாங்களும் கையெழுத்துப் போட்டோம். படிக்காமல் போட்டோம். எங்கள் அப்பன் பாட்டன் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்து நிலத்தை விட்டார்கள். நாங்கள் படிக்கத் தெரிந்தும் படிக்காமல் போட்டிருக்கிறோம். பாதி உங்களுடையது, பாதி எங்களுடையது" என்றார். கணக்குப் புத்தகத்தில் அவ்வாறே, காரணத்துடன் எழுதப்பட்டிருக்கிறது. எவரும் எடுத்துப் பார்க்கலாம். இக்கழகத்தின் இருபத்தைந்தாண்டுக் கணக்கில் நாம் மிகவும் மதிக்கும் வரி அதுவே.

அட்டையைச் செருகியதும் திரை ஒளிர்ந்தது. அன்று கூடத்தில் கூட்டமில்லை, ஆறேழு பேர்தாம். பாட்டியை அழைத்துவந்து காட்டினோம்.

கணிப்பொறியில் 'உபுண்டு' என்னும் கட்டற்ற இயக்கமுறைமையை நிறுவினோம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய இயக்கமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்சும் இதற்கு அடிப்படை. விலையில்லை என்பது மட்டுமன்று இதன் சிறப்பு. எவரும் இதன் உள்ளே திறந்து பார்க்கலாம், கற்கலாம், மாற்றலாம். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையில் பிள்ளைகள் தத்தம் பெயரைத் தட்டச்சிட்டனர்.

கையும் தலையும்

இம்முயற்சியைப் பற்றி நம்மவர் ஒருவர் எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை கூறவேண்டும். "தலைமுறை தலைமுறையாய்க் கைவேலை செய்தது போதாதா? திருப்புளி பிடிக்கவா பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்?" என்றார் அவர். நியாயமான வினா. பாகங்களைப் பூட்டுபவன் பெறும் கூலி சிறிது. கணிப்பொறி பூட்டத் தெரிந்ததோடு நின்றுவிட்டால், பழைய வேலைக்குப் புதுப்பெயர் சூட்டியதாகவே முடியும். முத்துக்குளித்துறையில் மூழ்கியவன் ஒருவன். முத்தை விற்றுச் செல்வரானவன் வேறொருவன். அவ்வரலாறு நம் கரையோரத்தில் நடந்ததுதானே!

ஆனால் கைவேலை இழிவன்று. கையை ஒருவனுக்கும் தலையை மற்றொருவனுக்கும் பிறப்பாலே பங்கிட்டு, பங்கிட்டவாறே நிற்கச் சொன்னதே இழிவு. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்வோரையே பிரித்தது என்று 1936இலேயே அண்ணல் எடுத்துக்காட்டினார். அந்த மாணவியை எண்ணிப் பாருங்கள். முதல்நாள் செயலியைப் பூட்டியதும் அவள் கைதான்; மூன்றாம் நாள் கையேட்டைப் படித்ததும் அவள்தான். பூட்டியதால்தான் படிக்கவேண்டுமென்று அவளுக்குத் தோன்றிற்று. படித்ததால்தான் பூட்டியது இயங்கிற்று. கையும் தலையும் ஓராளிடம் சேரவேண்டும் என்பதே நம் விடை.

திருப்புளியோடு நிற்கவும் வேண்டா. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 'சக்தி' என்னும் செயலியைத் தாமே வடிவமைத்து 2018இல் இயக்கிக் காட்டினர். நம் பிள்ளை செயலியைப் பூட்டுவது முதற்படி; அதை வடிவமைக்கும் அறையில் அமர்வது சேரவேண்டிய இடம். நம் ஊரிலேயே தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. காற்றாலைகள் சுழல்வதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தே நாம் பழகிவிட்டோம். வேலிக்குள்ளே அளவுமானிகளின் முன் அமரும் பொறியாளராகவும் நம் பிள்ளைகள் செல்லவேண்டும்.

இனிச் செய்யவேண்டியவை

2025இல் மாணவர்கள் இரண்டாவது கணிப்பொறியை நம் உதவியின்றியே பூட்டினர். பட்டியலை மூவர் தனித்தனியே படித்துக் கையெழுத்திட்ட பின்னரே பணம் கொடுக்கப்பட்டது. இது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் இரண்டு கணிப்பொறிகளைச் சுற்றி நாற்பது பிள்ளைகள் நிற்கிறார்கள். மாலை ஏழு மணிக்குமேல் பெண்பிள்ளைகளை இருக்கவிடப் பெற்றோர் தயங்குகிறீர்கள். தாய்மார் இருவர் முறைவைத்துக் கூடத்தில் இருந்தால் அத்தயக்கம் தீரும். வெளியூரில் வேலையிலிருக்கும் நம்மவர், பழையதென்று ஒதுக்கிய கணிப்பொறிகளைக் கழகத்துக்கு அனுப்புங்கள். ஓடாதவையும் பிரித்துப் படிக்க உதவும்.

பத்தாம் வகுப்பு முடித்தோருக்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கணிப்பொறித் தொழிற்பிரிவுகள் உள்ளன. 1974இல் நிறுவப்பட்ட தாட்கோ வழியாகப் பயிற்சியும் கடனுதவியும் உண்டு. உயர்படிப்புக்கு அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமையால் எந்தப் பிள்ளையும் இவற்றை இழக்கலாகாது. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் நாம் கூடத்தில் இருப்போம், படிவத்துடன் வாருங்கள். சேர்ந்தே படிப்போம், படித்த பின்னரே கையெழுத்திடுவோம்.

இளைஞர்களே! கூடத்திலுள்ள கணிப்பொறிகளுக்கு உறை தைக்கவில்லை. அறைக்குப் பூட்டு உண்டு. சாவி மாணவர் தலைவரிடமே இருக்கிறது. ஆடிக்காற்றில் புழுதி சேரும். மாதம் ஒருமுறை மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றித் தூசு தட்டுங்கள். அப்போது சிறுபிள்ளைகளையும் அருகழைத்து, தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டுவிடுமோ என்று அஞ்சாதீர்கள். கெட்டால் எவ்வாறு கண்டுபிடிப்பதென்று நமக்குத் தெரியும்.